முதலில் யாரிடம் சொல்வது

"பரீட்சைக்காரி எந்திரிச்சாச்சா? இல்ல, எந்திரிக்கிறதுக்கும் மறு தேதி வாங்கணுமா?"

மாமியாரின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஆயுசு முழுக்க நீராவி இஸ்திரியோடு மல்லுக்கட்டியவள். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, நாலு சுவருக்குள் அடங்குமா!

மருமகள் எழுந்து வெகுநேரமாயிற்று. துணி காயப்போடும் சின்ன அறையில், வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் படிப்பதற்கு அந்த வீட்டில் கிடைத்த இடம் அதுதான். தலைக்கு மேல் கொடியில் ஈரத்துணி. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். மெஷின் ஓடினால் திரையில் எழுத்தெல்லாம் நடுங்கும்.

நேற்றுத்தான் முடிவு வந்தது. கணினிப் பாதுகாப்புப் பரீட்சை. ஒரு கம்பெனியில் இரவும் பகலுமாக ஷிப்டு மாறித் திரையைக் காவல் காக்கும் வேலை அவளுக்கு. திருட்டுத்தனமாக யாராவது கம்பெனியின் கணினிக்குள் நுழைந்தால் திரை சிவக்கும், உடனே பாய வேண்டும். சான்றிதழ் வாங்கினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த ஒப்பந்தத்தோடு நடையைக் கட்ட வேண்டியதுதான். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். ஒன்றே ஒன்றில், ஆபத்து வந்தால் என்ன செய்வது என்ற பாடத்தில், மயிரிழையில் போயிற்று.

"தினம் அதைத்தானே செய்யிற... அதுலயா கோட்டை விட்ட?" என்று ஆபீசில் சிரித்தார்கள்.

"என் புள்ள கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கிட்டு ராசா மாதிரி இருந்தான்!" சமையலறை விடவில்லை. "பொண்டாட்டி படிக்கணும்னு வேலையை உதறிட்டு வந்து வெங்காயம் உரிக்கிறான்... எதுக்கு? இவ ஃபெயிலாகுறதுக்கு!"

கூடத்தில் கணவன் தலையைக் குனிந்து உரித்துக்கொண்டே இருந்தான். கண்ணில் நீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

வேலையை அவன் உதறவில்லை. பாரம் தூக்கும் அந்த வண்டியில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டான். தூக்கிய சரக்கு சரிந்து, கூட வேலை பார்த்தவனின் காலில் விழுந்தது. அன்றைக்கே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதே ஈரத்துணிகளுக்கு நடுவில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது..."

தெரிந்தால் அவள் தாங்குவாளா? அவன் அப்பா செத்ததும் அப்படித்தான். தூங்கிவழிந்த ஒரு டிரைவர் போட்ட பாரத்தின் அடியில். அந்த டிரைவரைச் சபிக்காமல் மாமியார் இன்றைக்கும் ஒரு வாய் சாப்பிடமாட்டாள்.

"என் படிப்புக்காக விட்டேன்னு சொல்லிடுங்க" என்றாள் மருமகள். அன்று வாங்கிச் சுமந்த பழி. இறக்கி வைக்க இடமில்லை.

திரையில், தான் தப்பு விட்ட மாதிரிக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் ஒரே சாயல். இப்படி ஒரு விபரீதம், முதலில் என்ன செய்வீர்கள்? ஒயரைப் பிடுங்குவேன். பூட்டுவேன். நானே சரிசெய்வேன். அத்தனையும் தப்பு. முதலில் பொறுப்பானவரிடம் தெரிவிக்க வேண்டும். பரீட்சை கேட்டது அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் தானே அள்ளி முடித்துவிடும் அவள் கைக்கு அதுதான் வரவில்லை.

"இந்தா, கேட்டுக்க." மாமியார் வாசலில் நின்றாள். வெளியே போகிற உடுப்பு, வாரிய தலை. "நான் கிடங்குக்குப் போறேன். மேனேஜர் கால்ல விழுந்தாவது இவன் வேலையைத் திருப்பி வாங்கிட்டு வரேன். நீ பாஸாகுற வரைக்கும் என் புள்ள கட்டிப்போட்ட மாடா கெடக்கணுமா?"

கூடத்தில் கத்தி நழுவி விழுந்தது. மாமியாரின் தோளுக்குப் பின்னாலிருந்து கணவன் இவளைப் பார்த்தான். எதையாவது சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை.

சொல்வதற்கு நாக்கில் பொய் தயாராகத்தான் இருந்தது. இன்றைக்குக் கிடங்கு லீவு அத்தை... அவ்வளவு போதும். அதை அப்படியே விழுங்கினாள்.

"ஏங்க... இதுக்கு மேல நான் மறைக்க மாட்டேன். அங்க போய் அத்தை அடுத்தவங்க வாயால கேக்க வேண்டாம். நீங்களே சொல்லிடுங்க."

"என்னத்தடா சொல்றது?" மாமியார் மகன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா... வேலையை நான் விடலம்மா. தொரத்திட்டாங்க. வண்டியில தூங்கிட்டேன்... கூட இருந்தவன் கால் மேல சரக்கு..."

மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் சத்தமில்லாமல் நின்றதை யாரும் பார்த்ததில்லை.

"உசுரோட இருக்கானா?"

"இருக்கான். ஊன்றுகோல் வச்சு நடக்கிறான்."

"போய்ப் பாத்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இவதான் போறா... ஷிப்டு முடிஞ்சு வர்ற வழியில" என்றான்.

அவன் கன்னத்தில் அறை விழுந்தது. இஸ்திரி சுட்ட தழும்பேறிய கை. "உங்கப்பனைக் கொன்னவன் ஒரே ஒரு தடவை வந்து வாசல்ல நின்னிருந்தா... ஒரே ஒரு தடவைடா! தூங்கிட்டான்னா சபிச்சேன்? நானும் நின்னுக்கிட்டே தூங்கினவதான். எட்டிப் பாக்கலையே, அதுக்குத்தான்டா சபிச்சேன்!" குரல் உடைந்தது. "கிளம்பு. சட்டையைப் போடு. கிடங்குக்குன்னுதான் கிளம்பினேன், அவன் வீட்டுக்கு வழியைக் காட்டு."

அப்புறம் மருமகளின் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி வாயைத் திறக்கல? வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே... நீ என்ன கல்லா?"

"தப்புதான் அத்தை. பரீட்சையிலயும் இதே தப்புதான் பண்ணினேன்."

மாமியாருக்கு அது விளங்கவில்லை. விளங்காமலேயே அவள் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத சலவைக்கூடத்து வாடை. மருமகள் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்... அடக்கி அடக்கி, கடைசியில் சத்தமாகவே.

தாயும் மகனும் வெளியே போனார்கள். படிக்கட்டில் மாமியாரின் போன் அடித்தது. நாத்தனாராகத்தான் இருக்கும்.

"எங்க பரீட்சைக்காரி படிச்சிட்டிருக்கா! அப்புறமா கூப்பிடு, சத்தம் போடாத!" என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள் மாமியார்.

சுவர் அதே சுவர். கொடியிலிருந்து ஒரு சொட்டு லேப்டாப்பின் மேல் விழுந்தது, துடைத்தாள். மறுபரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தோற்றால் வேலை இல்லை, வீட்டில் வேறு சம்பளமும் இல்லை. திரையில் அடுத்த கேள்வி வந்தது. முதலில் என்ன செய்வீர்கள்?

விரல் அவசரப்பட்டது. அதை மடக்கிக்கொண்டு, எல்லா விடைகளையும் கடைசிவரை படித்தாள்.