பின் போடாத சக்கரம்

"மச்சான்... வண்டிய நிறுத்துங்க!"

தனபாலின் அலறல் ஆழியார் மலைப்பாதையில் எதிரொலித்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தம்பிதுரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க மாப்ளே, வாந்தி வருதுங்களா?"

"இல்லீங்க... இடது முன் சக்கரம்... சத்தம் போடுதுங்க!"

"அட, நேத்து நீங்கதானுங்களே பேரிங் பார்த்துக் குடுத்தீங்க! அப்புறம் என்னுங்க பயம்?"

தனபாலின் முதுகில் வேர்வை வழிந்தது.

பயம்தான்! அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் அவன் உட்கார்ந்திருந்தான்!

போன வாரம் தம்பிதுரை போன் செய்திருந்தான்.

"லோகப்பிரியா செத்த அன்னிக்கு உங்க தோட்டத்துல வேலை செஞ்ச ராசாத்தா, இப்ப வால்பாறை எஸ்டேட்ல இருக்குதாமுங்க. எதையோ கண்ணால பார்த்துச்சாமா. போய்க் கூட்டியாரேன்."

லோகப்பிரியா, தம்பிதுரையின் ஒரே தங்கை. தனபாலின் மனைவி. கிணற்றில் தவறி விழுந்தாள் என்று ஊர் நம்பியது. தள்ளிவிட்ட தனபாலும் அழுதான். நன்றாகவே அழுதான்!

தனபால் உடனே கேட்டான். "உங்க பழைய அம்பாசிடர் மலையேறுமுங்களா மச்சான்? முன்னாடி 'ஙொய்'னு இரையுதுங்களே. கொண்டாங்க, நான் பார்த்துத் தாரேன்."

கணபதி பகுதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தனபாலுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். லொடலொட! பேரிங்கைக் கழுவி, கிரீஸ் அப்பினான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஒரு துளி தளர்த்தி, நட்டு கழலாமல் குறுக்கே ஒரு பின் செருக வேண்டும். அதுதான் முறை.

அவன் நிறையவே தளர்த்தினான். பின் செருகவே இல்லை. மூடியைத் தட்டிப் பொருத்திவிட்டான்!

சமவெளியில் தாங்கும். கொண்டை ஊசி வளைவில்... சக்கரம் தனி, கார் தனி!

ஆனால் இன்று காலை வழியனுப்ப வந்தவனை, "பொள்ளாச்சி வரைக்கும் பேச்சுத் துணைக்கு வாங்க மாப்ளே" என்று ஏற்றிக்கொண்டான் தம்பிதுரை. மறுத்தால் சந்தேகம் வரும். ஏறினான்.

பொள்ளாச்சி வந்தது. போனது. கார் நிற்கவில்லை!

இப்போது மலை. வளைவுக்கு மேல் வளைவு...

கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது. கடக்!

"மச்சான்! நட்டுக்குப் பின் போடலீங்க! சக்கரம் கழண்டுக்கும்!"

"மறந்துட்டீங்களா?"

"ஆ... ஆமாங்க!"

தம்பிதுரை ஆக்ஸிலேட்டரை அழுத்தினான்.

"வேணும்னுதானுங்க! வேணும்னுதான் போடலீங்க!" தனபால் கதறினான்.

"எதுக்குங்க?" குரலில் அதே மரியாதை. "லோகு கெணத்துல எப்படீங்க உழுந்தா?"

பள்ளத்தாக்கு வாயைப் பிளந்துகொண்டு வந்தது.

"தள்ளிப்போட்டேன்! நான்தான் தள்ளிப்போட்டேன்!"

"நீச்சல் தெரிஞ்ச புள்ளையாச்சுங்களே?"

"படியப் புடிச்சு ஏறி வந்தா... கல்லத் தூக்கிப் போட்டேனுங்க..."

தம்பிதுரையின் கண்கள் கலங்கின. கால் மட்டும் ஆக்ஸிலேட்டரை விட்டு எழவில்லை.

அடுத்த வளைவு!

தனபால் கதவைத் திறந்தான். குதித்தான்!

மைல்கல் அவனை வரவேற்றது. இரண்டு கால்களும் சுள்ளியாய் முறிந்தன.

கார் வளைவில் அழகாகத் திரும்பி, மெதுவாக நின்றது. நாலு சக்கரமும் பத்திரமாக!

தம்பிதுரை நடந்து வந்து பக்கத்தில் குந்தினான்.

"காலையில நானே ஜாக்கி போட்டுச் சக்கரத்த ஆட்டிப் பார்த்தேனுங்க. கெழவன் பல்லாட்டம் ஆடுச்சு! மூடியக் கழட்டுனா பின்னையே காணோம். நட்ட சரியா வெச்சு, புதுப் பின் போட்டுத்தானுங்க வண்டிய எடுத்தேன்."

"அப்ப... ராசாத்தா...?"

"அந்தம்மா போன தையிலயே காய்ச்சல்ல போய்ச் சேந்திருச்சுங்க. ஒண்ணையும் பார்க்கவும் இல்லை. உங்க மேல ஒரு சந்தேகம்... சும்மா பேரைச் சொல்லிப் பார்த்தேன். நீங்க ஸ்பேனரோட ஓடியாந்தீங்க!"

தனபால் மண்ணைப் பிறாண்டினான்.

"ஆஸ்பத்திரி... மச்சான்... உயிர் போவுதுங்க!"

"கெணத்துக் கதைய ஸ்டேஷன்ல இன்னொருக்காச் சொல்லோணுமுங்க. அப்புறம்தான் ஆஸ்பத்திரி."

"சொல்றேனுங்க! எல்லாம் சொல்றேன்! தூக்கி வண்டியில போடுங்க!"

தம்பிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க மாப்ளே... அந்த வண்டியில ஏற இப்பப் பயமில்லீங்களா?"