மூன்றாம் படியில் முப்பத்தாறரை

தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டிருந்த கை விறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

படித்துறையில் அவளுக்கு அதுதான் வேலை. காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் மூன்றாம் படியில் உட்கார்ந்து, வெப்பமானியை முழங்கை ஆழத்தில் மூன்று நிமிடம் பிடித்து, நீருக்குள் இருக்கும்போதே அளவைப் படித்து, மேலே கரும்பலகையில் எழுத வேண்டும். பதினைந்துக்குக் கீழே போனால் சிவப்புக் கொடி. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். நீந்த வருகிறவர்கள் அவளை ‘டிகிரியக்கா’ என்று கூப்பிடுவார்கள். கோடையில் ஆற்று நீர் இருபத்துமூன்று டிகிரியைத் தொடும், அதுவும் மேல்மட்டத்தில்தான். காலைக் கீழே நீட்டினால் சுரீரென்று கடிக்கும். இலையுதிர் காலத்தில் காற்று குளிர்ந்த பிறகும் தண்ணீர் இரண்டு வாரம் சூட்டை விடாது. விடியலில் ஆறு முழுக்க ஆவி எழும். வசந்தம்தான் நம்பவைத்துக் கழுத்தறுக்கும். வெயில் முதுகைச் சுடும், ஆறோ மலைப்பனி உருகிய நீரைக் கொண்டுவரும். குளிர்காலத்தில் நாலு. சில நாள் மூன்று.

இது குளிர்காலத்தின் நடுமாதம். வெப்பமானி முப்பத்தாறரை காட்டியது.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, அறைக்கு ஓடி இன்னொன்றை எடுத்துவந்தாள். அதுவும் முப்பத்தாறரை. இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தாள். நாலு. மறுபடி பழைய இடத்தில். முப்பத்தாறரை. அது வெந்நீரின் சூடு இல்லை. தூங்குகிற குழந்தையின் கழுத்தடியில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. கையை முகர்ந்தாள். ரொம்ப நாள் நோயில் கிடந்தவர் போர்த்திய போர்வையின் வாடை.

அவள் தங்கையின் உடலை வெளியே எடுத்த இடம் இதுதான்.

போன வசந்தத்தில், நீச்சல் காலம் தொடங்கும் நாள். காலையில் அவள் பலகையில் ஒன்பது என்று எழுதிவிட்டுக் கொடியை எடுக்க அறைக்குள் போனாள். விருந்தினர்கள் வரும் நாளில் சிவப்புக் கொடி பறந்தால் நன்றாக இருக்காது என்று படித்துறை மேலாளர் அதை அழித்துப் பதினாறு என்று எழுதினார். தங்கை பலகையைப் பார்த்தாள். அக்கா எழுதியதென்று நம்பி ஓடிவந்து குதித்தாள். நன்றாக நீந்தத் தெரிந்தவள். ஒரு கை கூட வீசவில்லை. விசாரணையில் மேலாளர், “பொண்ணுக்கு இதயம் பலவீனம், அளவுல தப்பில்லை” என்றார். பதினாறு என்று எழுதிய பதிவேட்டை நீட்டினார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவளும் அதில் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து நெஞ்சுக்குள் ஒன்று கனன்றுகொண்டே இருந்தது. சாப்பிடும்போதும், பல் தேய்க்கும்போதும், அந்த ஆளுக்குக் காலை வணக்கம் சொல்லும்போதும். யார்மேல் கோபம் அதிகம், அவர்மேலா தன்மேலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் பலகையில் முப்பத்தாறரை என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

எட்டு மணிக்கு வந்த மேலாளர் பலகை முன்னால் நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, கிண்டலா?”

“தொட்டுப் பாருங்க சார்.”

“அந்த விஷயம் முடிஞ்சு போச்சு. நீயும்தானே கையெழுத்துப் போட்டே? இப்ப வந்து குத்திக் காட்டறே.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். “தொட்டுப் பாருங்க.”

கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். முகம் மெல்ல மலர்ந்தது. “அட! அடியில எங்கயோ வெந்நீர் ஊத்து திறந்திருக்கு!” கையை உதறாமல், அப்படியே நீருக்குள் அளைந்தபடி இன்னொரு கையால் போனை எடுத்தார். “சாயங்காலம் நம்ம ஆளுங்களை வரச்சொல்றேன். பத்திரிகைக்காரனும் வரட்டும். நடுக்குளிர்ல நீச்சல்! எந்த ஊர்ல உண்டு?”

என்னவென்று தெரியாமல் யாரையும் இறக்காதீர்கள் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“நீங்களும் இறங்குங்க சார்” என்றாள். “மேலாளரே இறங்கினாத்தான் மத்தவங்களுக்கு தைரியம் வரும்.”

“அப்பாடா! இப்பத்தான் நீ நல்ல புத்தியாப் பேசறே.”

மதியத்துக்குள் சூடு படி முழுக்கப் பரவி, நடு ஆற்றில் கட்டிய கயிற்றைத் தாண்டிவிட்டது. எங்கே வைத்தாலும் முப்பத்தாறரை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தினமும் கயிற்றோரம் மிதக்கும் வாத்துகள் கரையேறி, புல்லில் நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன.

மாலையில் ஆட்கள் வந்தார்கள். முதலில் இறங்கியவர் பல் டாக்டர். வருஷம் முழுக்க நீந்துகிற மனிதர், குளிர்காலத்தில் மட்டும் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். கழுத்து வரை போய் நின்று, “டிகிரியக்கா! எங்க வீட்டுப் படுக்கை கூட இவ்வளவு சுகமில்லை!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்து இறங்கினார்கள். கடைசியில் மேலாளர், தொப்பையைத் தடவியபடி, புகைப்படக்காரனைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இறங்கினார். மொத்தம் பத்தொன்பது பேர்.

அவர் தோள் நனைந்த கணத்தில் அவள் நெஞ்சில் கனன்றது அணைந்தது. சட்டென்று. யாரோ ஊதிவிட்ட மாதிரி. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவளுக்குக் குளிர்ந்தது.

அப்போதுதான் கவனித்தாள். காற்று உறைநிலையில் இருக்கிறது. தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கிறது. ஆறு முழுக்க ஆவி பறந்திருக்க வேண்டும்.

ஒரு இழை கூட இல்லை.

மூன்றாம் படியில் மண்டியிட்டு வெப்பமானியை விட்டாள். விரல்கள் விறைத்தன. மூன்று நிமிடம் வரை காத்திருக்கவில்லை.

நாலு.

“வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க, தண்ணி மாறிடுச்சு!”

யாரும் நடுங்கவில்லை. பேச்சு நடந்துகொண்டே இருந்தது. மேலாளர் நிதானமாகச் சொன்னார்: “சூடாத்தாம்மா இருக்கு.”

அவளுக்குப் பின்னால் ஒரு தாய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் காலெடுத்து வைத்தாள். அவள் பாய்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இறங்காதீங்க!”

“கையை விடுங்க! எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கார்.”

“நான் அளந்துட்டுச் சொல்றேன். நாலு. நாலுதான்! போங்க, மேல போங்க!”

அந்தப் பெண் திட்டினாள். திட்டும்போது அவள் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. குழந்தை அழுதது. குழந்தையின் வாயிலிருந்தும் வந்தது.

அவள் ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

பத்தொன்பது வாய்கள் பேசிக்கொண்டிருந்தன. சிரித்துக்கொண்டிருந்தன. ஒரு வாயிலிருந்தும் புகை இல்லை.

“சார்!” கத்தினாள். “வெளிய வாய்யா! நான்தான் உன்னை இறங்கச் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், வா!” படியோரக் கம்பத்தில் தொங்கிய மிதவையைப் பிடுங்கி எறிந்தாள். அது மேலாளரின் மார்பில் பட்டு நின்றது. அவர் அதைப் பிடிக்கவில்லை. பார்க்கவும் இல்லை. அவளையே பார்த்துச் சிரித்தார்.

பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு அடி பின்னால் வைத்தார்கள்.

முகம் கரையைப் பார்த்தபடி. இன்னொரு அடி. தண்ணீர் தாடையைத் தொட்டது. இன்னொரு அடி. பேச்சு நீருக்குள் போனது. மூக்கு. திறந்த கண்கள். முடி ஒரு கணம் மிதந்து, அமிழ்ந்தது.

ஒரு குமிழி கூட வரவில்லை.

மேலே அந்தப் பெண் கணவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். புகைப்படக்காரன் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அவள் மட்டும் மூன்றாம் படியில் நின்றாள்.

படித்துறை விளக்கு எரிந்தது. வெளிச்சம் அடிவரை போனது.

அவர்கள் அங்கேதான் நின்றார்கள். ஆற்றின் அடியில், கூழாங்கல்மேல், தோளோடு தோள் ஒட்டி, பத்தொன்பது பேரும் முகத்தை அவள் பக்கம் நிமிர்த்தி. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.