சவேரியார் திருநாள் விடுமுறை

"டூரிஸ்ட் விசா வர எத்தனை நாளாகும்?" என்று ஜெயபாய் டீச்சர் கேட்டபோது ஷைஜா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெட்டூர்ணிமடத்தில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் கடை அவளுடையது. இந்தக் கேள்வி அங்கே நாளுக்கு நாலு தடவை வரும்.

"எந்த ஊருக்கு டீச்சர்?"

"லண்டனுக்கு."

"வழக்கமா மூணு வாரம். எப்ப குடுத்தீங்க?"

நவம்பர் ஐந்தாம் தேதி. அவரும் கணவர் குமாரதாசும் சென்னைக்குப் போய் விரல் ரேகை பதித்து, பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்து வந்தார்கள். இன்று டிசம்பர் ஐந்து. லண்டனில் இருக்கும் மகள் ஜாஸ்பினுக்குப் பதினெட்டாம் தேதி தலைப்பிரசவம். துணைக்கு அங்கே ஒருவருமில்லை. பிள்ளை என்ன வேலைநாள் பார்த்தா பிறக்கும்? டீச்சரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்கவும் முடியவில்லை. குடைக் காம்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

கடையில் வேலை பார்க்கும் ஜெப்சிக்குப் பழி போட உடனே ஆள் அகப்பட்டுவிட்டான். "கூரியர்காரன்தான் தொலைச்சிருப்பான் அக்கா."

ஷைஜா அதைக் காதில் வாங்காமல், தகவல் யாருக்கு வரும் என்று விசாரித்தாள். குமாரதாசின் போனுக்கு. ரசீதும் அவரிடம்தான். அப்படியானால் அவர் இத்தனை நாளும் என்னென்ன சொன்னார், வீட்டில் என்னென்ன செய்தார், ஒன்று விடாமல் வேண்டும் என்றாள்.

டீச்சர் யோசித்து யோசித்துச் சொன்னார். பெட்டிகள் இரண்டும் கட்டித் தயார். போன வாரம் குமாரதாஸ் தன் ஸ்வெட்டரை மட்டும் வெளியே எடுத்து வெயிலில் போட்டார், பூஞ்சை வாடையாம். அது இப்போது அலமாரியில் இருக்கிறது. மகளுக்குப் பிடித்த வறுவலென்று நேந்திரங்காய் உப்பேரி வாங்கி வந்து, மறக்காமல் கொண்டு போ என்றார்.

"முந்தாநாளு சென்னைக்குப் போன் போட்டாவளாம். சவேரியார் திருநாள், ஆபீஸ் லீவு, யாரும் எடுக்கலியாம்."

"ஆமா டீச்சர், நாங்களும் கடையடைச்சிட்டு கோட்டாறு திருவிழாவுக்குப் போனோமே" என்றாள் ஜெப்சி.

ஷைஜா முதல்முறையாகத் திரும்பினாள். குமாரதாசைப் போனில் அழைத்து, டீச்சர் இங்கே இருக்கிறார், ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள். கால்மணி நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தாலுகா ஆபீசில் ஓய்வுபெற்றவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"சார், சவேரியார் திருநாளுக்கு நம்ம மாவட்டத்துக்கு மட்டும்தான் லீவு. சென்னையில அன்னைக்கு வேலைநாள். நீங்க போனே போடல. கேக்கதுக்கு ஒண்ணுமில்ல, பாஸ்போர்ட் வந்தாச்சு."

"ஒளிச்சு வெச்சிருக்காரா? எதுக்கு அக்கா?" ஜெப்சியின் குரல் தாழ்ந்துவிட்டது.

"டீச்சருக்கு விசா கிடைக்கலன்னா அன்னைக்கே காட்டியிருப்பாரு. கொண்டு போவோம்னு சொல்லல, கொண்டு போன்னாரு. ஸ்வெட்டரும் பெட்டியில இல்ல. கிடைக்காதது இவருக்கு."

முப்பது வருஷம் பிள்ளைகளின் வினைச்சொற்களைத் திருத்தியவர் ஜெயபாய். அந்தக் 'கொண்டு போ' அன்றைக்கே அவர் காதில் இடறியது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று, கேளாதவர்போல் உப்பேரியைப் பெட்டியில் வைத்தார். அது இப்போது ஞாபகம் வந்தது.

குமாரதாஸ் வெளியே போனார். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய இரண்டு பாஸ்போர்ட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பத்து நாளாச்சு ஏட்டி. சொன்னா நீயும் போகமாட்டேன்னு நிப்ப."

"நிப்பேன்னு பயந்தியளா, போயிருவேன்னு பயந்தியளா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். குடைக் காம்பைத் திருகுவதை நிறுத்திவிட்டு டீச்சர் ஜெப்சி பக்கம் திரும்பினார்.

"ஜெப்சி, நாளைக்கோ மறுநாளோ லண்டனுக்கு ஒரு டிக்கெட் பாரு மக்கா. ஒண்ணு போதும். பொறவு இவியளுக்கு ஏன் குடுக்கலன்னு பாத்து, மறுபடி ஒரு விண்ணப்பம் போடு. மூணு வாரம்தானே, ஞானஸ்நானத்துக்காவது வந்து சேரட்டும்."

ஜெப்சி கணினியில் புது விண்ணப்பத்தைத் திறந்து, தொலைபேசி எண் கேட்டாள். குமாரதாஸ் வழக்கம்போல் தன்னுடையதைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அது வேண்டாம்" என்றார் டீச்சர். "என் நம்பரைப் போடு."