பட்டியலின் நான்காவது பொருள்

ரஹீமா கொண்டுவந்த காகிதம் எட்டாக மடிக்கப்பட்டிருந்தது. மரியதாஸ் அதை உடனே பிரிக்கவில்லை. அவித்த மல்லாட்டைத் தட்டைக் கடலைத் தோலோடு ஓரமாக நகர்த்தி, விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதலில் அவள் சொல்வதைக் கேட்டார். முப்பது வருஷம் நீதிமன்ற எழுத்தராக இருந்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாதி, அவர்கள் போன பிறகு பாதி. ஓய்வுபெற்று வில்லியனூரில் குடியேறியபின், வக்கீல்கள் கைவிட்டவர்கள் அவரைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது.

ரஹீமாவை அழைத்து வந்தவள் தையலம்மாள். பனையடிக்குப்பத்தில் அரசு மருத்துவச்சி. சைக்கிளில் ஐந்து ஊர் சுற்றுகிறவளுக்குத் தெரியாத வீடு இல்லை. மரியதாஸ் ஒரு புதிரை எடுத்தால், அதை அவருக்கு முன் தானே அவிழ்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு துடிப்பு. இதுவரை ஒருமுறையும் முடிந்ததில்லை.

ரஹீமா சொன்னது இதுதான். எழுபத்தொன்றில், கார்த்திகை தீபத்தை ஒட்டிப் பாகிஸ்தானோடு போர் தொடங்கியது. மறுநாளே ஊரில் தண்டோரா போட்டார்கள்: பொழுது சாய்ந்தால் ஒரு விளக்கும் எரியக் கூடாது. அன்று அந்தி மயங்கும் நேரத்தில், பனையடிக்குப்பத்தில் தன் நெல் கிடங்கின் முற்றத்தில் நின்று கடல் பக்கமாக நெருப்புச் சைகை காட்டினார் என்று அவள் கணவர் ஹபீப் முகமது கைதானார். கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் கம்யூனின் மேர் சிவப்பிரகாசம். பல ஊர் சேர்ந்த கம்யூனின் தலைவருக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. பதவி போயும் இன்றுவரை அவர் ஊருக்கு மேர் ஐயாதான். போர்க்காலச் சட்டம் என்பதால் வழக்கும் இல்லை, வாதமும் இல்லை. போர் இரண்டு வாரத்தில் முடிந்தது. ஹபீப் திரும்பி வரப் பதினான்கு மாதம் ஆயிற்று.

இப்போது எழுபத்தெட்டு. மகள் கதீஜா ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குத் தேர்வாகியும் உத்தரவு வரவில்லை. தகப்பன் ஒற்றன் என்று போலீஸ் அறிக்கை போயிருந்தது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவர்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வியாழக்கிழமை வருகிறார். அவர் முன் நிரூபிக்க முடியாவிட்டால் கதீஜாவின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

"வக்கீலு இந்தப் பேப்பரப் பாத்துட்டு, கருவியே புடிபட்டிருக்கு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு" என்றாள் ரஹீமா. பிறகு குரல் தணிந்தது. "இன்னொண்ணும் இருக்கு சார். அன்னிக்கு நானும் பாத்தேன். கிடங்கு வேலிக்கு மேல சிவப்பா வெளிச்சம் எழும்பி எழும்பி அடங்குச்சு. அப்ப அவரு வூட்ல இல்ல. எங்க போனீங்கன்னு ஏழு வருஷமா கேக்குறேன். வாயே தொறக்கல."

தையலம்மாளுக்குச் சுருக்கென்றது. வேறு யாரையும் அல்ல, சொந்தப் புருஷனையே இந்தப் பெண் ஏழு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

மரியதாஸ் காகிதத்தைப் பிரித்தார். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல். கேரளத்திலிருந்து புதிதாக வந்திருந்த போலீஸ் அதிகாரி ஆங்கிலத்தில் எழுதியது. கீழே, பொருள்களைக் கண்டெடுத்து ஒப்படைத்தவர் என்று சிவப்பிரகாசத்தின் கையெழுத்து, நெளிநெளியாக, பிரெஞ்சு பாணியில். மரியதாஸ் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"ஒண்ணு, கயிறு, ரெண்டு முழம். ரெண்டு, பிளந்த பனமட்டை மூணு, நுனி கருகியது. மூணு, கரித்தூள் ஒரு பிடி. நாலு, பாதி எரிந்த பட்டுத் துணிப் பை. நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டைகள். ஓரத்தில் தங்க நிறக் குஞ்சம். வெளிநாட்டுத் தொடர்பு ஆராயப்பட வேண்டும்."

தையலம்மாள் சிரித்துவிட்டாள். "சார், இது மாவளி. பனம்பூவச் சுட்டுக் கரியாக்கி, இடிச்சுத் துணியில சுருட்டி, மட்டைக்கு நடுவுல வெச்சுக் கட்டிக் கயித்துல சுத்துவோம். பொறி பூவாக் கொட்டும். தீபத்துக்கு எந்தப் பிள்ளைதான் சுத்தாது?"

"அதிகாரிக்கு அது தெரியாது. சிவப்பிரகாசத்துக்கு?"

அவள் சிரிப்பு நின்றது. பனைமரத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர் மேர். ஆனாலும் ஹபீப் அதைச் சைகைக்குப் பயன்படுத்தினான் என்று அவர் சொல்லிவிடலாமே. முஸ்லிம் வீட்டில் மாவளி ஏது என்று கேட்டால், வேறு யாரோ செய்துகொடுத்தான் என்பார்.

மறுநாள் அவள் தன் பங்குக்கு அலைந்தாள். கிடங்குக் காவலாளி குழந்தைவேல்மீதுதான் அவளுக்கு முதல் சந்தேகம். போலீஸ் காகிதத்தில் மேருக்குச் சாதகமாகக் கைநாட்டு வைத்தவன். இப்போது மேரின் கரும்புக் காட்டில் மேஸ்திரி. அவனைக் கேட்டபோது, அன்று காய்ச்சலில் படுத்திருந்ததாகவும், படித்துக் காட்டாமலே விரலைப் பிடித்து வைத்தார்கள் என்றும் முனகிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டான். அங்கிருந்து திருக்கனூர் சந்தைக்குப் பஸ் ஏறினாள். ஹபீப்பின் பழைய கூட்டாளி ஹாஜா மைதீன் அவளைக் கண்டதும் கடைப் பலகையைப் பாதி சாத்தினார். கதீஜாவின் வேலை விஷயத்தைச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார்.

"அன்னிக்கு சாயங்காலம் அவன் இங்க என் கடையிலதான் இருந்தான். பங்கீட்டு மண்ணெண்ணெய மேர் வெளியில விக்கிறாருன்னு ரெண்டு பேரும் சேந்து மனு எழுதுனோம். மனு போடப்போறோம்னு மேர் காதுக்கு அதுக்கு முன்னாடியே போயிருச்சு. என் பேரச் சொன்னா என்னையும் உள்ள போட்டிருப்பாங்கம்மா. அதான் அவன் வாயத் தொறக்கல." அவர் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். சொன்ன வேகத்தைப் பார்த்தால் வருவாரா என்று தையலம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"காரணம் கிடைச்சது. ஆனா நண்பன் சாட்சி நிக்காது" என்றார் மரியதாஸ். "வா, மேரைப் பார்ப்போம்."

சிவப்பிரகாசத்தின் வீடும் ஹபீப்பின் கிடங்கும் ஒரே படல் வேலிக்கு இரு பக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் மேரின் நெற்களம். மேர் மரியாதையாக உட்காரவைத்தார். கைதைப் பற்றிக் கேட்டதும், தேசம் ஆபத்தில் இருந்தபோது கடமையைச் செய்தேன் என்றார். அந்த வாக்கியத்தை அவர் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவு வழவழப்பாக வந்தது. பேச்சின் நடுவே தபால்காரன் கொடுத்துவிட்டுப் போன மின்சார அலுவலகக் கடிதத்தை மரியதாஸிடம் நீட்டினார்.

"இன்னா எழுதியிருக்கான், பாருங்க. நமக்கு பிரெஞ்சுதான் படிப்பு. இங்கிலீஷ் இந்த வயசுக்கு மேல எங்க ஏறுது?"

மரியதாஸ் படித்துச் சொன்னார். தையலம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. மேரின் தகப்பனார், அவரும் மேராக இருந்தவர். கோட்டுக்கு மேல் தோளிலிருந்து இடுப்புவரை மூன்று பட்டைகள் உள்ள அகலமான துணி, நுனியில் குஞ்சம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியவில்லை.

காபி கொண்டுவந்தவர் மேரின் மனைவி கலியம்மாள். தையலம்மாள் பேச்சுவாக்கில், அந்த வருஷம் தீபத்துக்கு ஊரில் யாரும் மாவளி சுற்றவில்லையாமே என்று கேட்டாள். கலியம்மாள் டம்ளரை அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதாக உள்ளே போனவர் திரும்பவேயில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடக் கூடத்தில் ஊரே நின்றது. ஹாஜா மைதீன் வந்திருந்தார். ஹபீப் முகமது கடைசி வரிசையில், கதவோரம், எந்த நேரமும் எழுந்து போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். நீதிபதி அனுமதித்ததும் மரியதாஸ் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இந்தப் பொருள் மாவளி என்பதை மேர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்."

"மாவளியாகவே இருக்கட்டும். கிடங்கு முற்றத்தில்தானே கிடந்தது?" என்றார் சிவப்பிரகாசம்.

"அப்படிச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். காவலாளியிடம் படித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். மாவளியைச் சாதாரணமாகப் பழைய வேட்டித் துணியில்தான் கட்டுவார்கள். பருத்தி கரியோடு சேர்ந்து கடைசிவரை எரியும். இது பாதியில் நின்றிருக்கிறது. ஏன்? பட்டு. பட்டு சுருங்கிக் கருகுமே தவிர நின்று எரியாது. பட்டில் மாவளி கட்டியவர் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார். நீலம், வெள்ளை, சிவப்பு, தங்கக் குஞ்சம். பிரெஞ்சுக்காரன் மேருக்குப் போட்ட பட்டை அது. இந்தக் கம்யூனில் அது எத்தனை வீட்டில் இருந்தது?"

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. சிவப்பிரகாசம் குறுக்கிட்டார். "பட்டியலில் அப்படி எதுவும் கிடையாது. கயிறும் மட்டையும் கரியும்தான் கொடுத்தேன்."

"கரி மூடிய துணியைக் கொடுத்தீர்கள். அதிகாரி அதை உதறிப் பார்த்து எழுதினார், நான்காவது பொருளாக. அதற்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது."

மேர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். எழுத்துகளை வெறித்தார். தன் கையெழுத்து ஒன்றுதான் அவருக்குப் படிக்க முடிந்தது.

"அன்று உங்கள் களத்தில் மாவளி சுற்றியது. ரோட்டிலிருந்து அதிகாரி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தார். விளக்கே கூடாதென்று தண்டோரா போட்டவர் வீட்டில் நெருப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் என்று கை காட்டினீர்கள். அதுவரை மானத்துக்காகச் சொன்ன பொய். மறுநாள் காலையில் மண்ணெண்ணெய் மனு நினைவுக்கு வந்திருக்கும். அதன் பிறகு சொன்னதெல்லாம் ஒரு மனிதனை ஒழிப்பதற்காக."

"பட்டை என் பெட்டியில் முழுசாக இருக்கிறது" என்றார் சிவப்பிரகாசம்.

"முழுசா இல்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து கலியம்மாள் எழுந்து வந்தார். முந்தானைக்குள் மடித்து வைத்திருந்ததை மேஜைமேல் விரித்தார். ஒரு நுனியில் குஞ்சம் இருந்தது. மறு நுனியில் ஒரு சாண் கத்தரிக்கப்பட்டிருந்தது. பெண்வயிற்றுப் பேரன் தீபத்துக்கு வந்து மாவளி கேட்டு அழுததையும், வெள்ளைக்காரன் போனபின் அது கந்தல் என்று மேரே சொல்வார் என்பதால் அதைக் கத்தரித்ததையும் சொன்னார். ஹபீப் பாய் சாயங்காலம் பஸ் ஏறியதைத் தானே பார்த்ததாகவும் சொன்னார். ஏழு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டதற்கு, கலியம்மாள் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார்.

சிவப்பிரகாசம் அந்த வெட்டுண்ட நுனியைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். தட்டெழுத்தர் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் அடித்து முடித்துப் பேனாவை நீட்டினார். மேர் பேனாவை வாங்கவில்லை.

"இன்னா எழுதியிருக்குன்னு யாராவது படிச்சுச் சொல்லுங்க. அப்புறம் போடுறேன்."

தையலம்மாள் மரியதாஸைப் பார்த்தாள். அவர் காகிதத்தை எடுத்து, தான் படிக்காமல், முன்வரிசையிலிருந்த கதீஜாவிடம் கொடுத்தார். "நீதான் டீச்சராச்சே."

கதீஜா எழுந்தாள். ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். என் வீட்டுக் களத்தில் எரிந்த நெருப்பை ஹபீப் முகமது காட்டியதாக நான் பொய் சொன்னேன். அவர் அப்போது ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். பதவியைக் கொண்டு அவரைச் சிறையில் வைத்தேன். வகுப்பில் படிப்பதுபோல நிறுத்தி, தெளிவாக, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி படித்தாள். மேர் தலையைக் குனிந்தபடி முழுதும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரஹீமா கடைசி வரிசைக்குப் போய்க் கணவரின் பக்கத்தில் நின்றாள். ஹபீப் முகமது அவளைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

"அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தடவ படிம்மா" என்றார். "உங்கம்மாவுக்கு."