ஜன்னலில் காய்ந்த அனுமதிப்பத்திரம்

"ஃபாதர், கலியாணத்தை ஒரு கிழமை தள்ளி வைக்கேலுமோ?"

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அந்த மனிதர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நீர்கொழும்பில் இருந்த பாதிரியாருக்கு லைன் சரியில்லை போலும். மூன்றாவது முறை கேட்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த சுதாகர் சட்டென்று நிமிர்ந்தான். மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவனுடைய கடைப் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஜெராக்ஸ், லேமினேஷன் என்று நான்கு தொழில்கள் எழுதியிருக்கும். ஐந்தாவதான துப்பறிதலைப் பலகையில் எழுத மனைவி தமிழரசி சம்மதிக்கவில்லை. காலை முழுக்கக் கடையைப் பார்ப்பவள் அவள்தான். அவள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும் சுதாகர் வந்து உட்காருவான், சட்டைப் பையில் பூதக்கண்ணாடியோடு.

"சார், கேஸு!" என்று கிசுகிசுத்தான்.

மூலையில் ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த செங்கல்வராயன் தலை தூக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டவர். லாரி மோதியது என்று எழுதிக் கொடுத்த காரின் பம்பரில் எருமை ரோமத்தைக் கண்டெடுத்தவர் என்று அந்த வட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

"முதல்ல அவருக்கு ஒரு டீ சொல்லு" என்றார்.

டீ வந்தது, கதையும் வந்தது. அவர் பெயர் ஆபிரகாம். நீர்கொழும்பில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். வரும் திங்கட்கிழமை மகளுக்குக் கல்யாணம். காஞ்சிபுரத்தில் சேலை எடுக்க மனைவி மேரியோடு வந்தவர், படூரில் இருக்கும் மச்சான் கொடுத்த மாருதி காரை நான்கு நாட்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை விமானம்.

"இண்டைக்குக் காலமை ஆறு மணிக்கே படூருக்குப் போய், மச்சான் வீட்டில சேலையைக் காட்டிப்போட்டு வந்தனாங்கள். திருவிடந்தைக்குக் கிட்டப் பொலிஸ் மறிச்சது. என்ர இலங்கை லைசன்ஸைக் காட்டினன். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எங்க எண்டு கேட்டினம். லாட்ஜில இருக்கு எண்டன். காரை வாங்கி வச்சிட்டு, ஆறு மணிக்குள்ள கொண்டு வா, இல்லாட்டிக் கேஸ் எழுதிப் பாஸ்போர்ட்டையும் கோர்ட்டில குடுத்திருவம் எண்டு சொன்னாங்கள். லாட்ஜுக்கு வந்து பாத்தா, பெர்மிட்டைக் காணேல்லை!"

"உங்க வீட்டம்மா?"

"ஸ்டேஷன் வாசல்ல, காருக்குள்ளதான். டிக்கியில கூறைச் சேலை. அதை விட்டு இறங்கமாட்டன் எண்டு இருக்கிறா."

செங்கல்வராயன் பேப்பரை மடித்தார். 2002-ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மீது இங்கே போலீஸ் வழக்கு என்றால், அது ஒரு கல்யாணத்தைத் தள்ளி வைப்பதோடு நிற்காது. அது அவருக்குத் தெரியும், ஆபிரகாமுக்கும் தெரிந்திருந்தது.

"அதைக் கடைசியா எங்கே பார்த்தீங்க?"

ஆபிரகாம் கொஞ்சம் கூச்சப்பட்டார். "நேத்துக் கடல்ல கால் நனைக்கப் போய், அலை இடுப்பு மட்டும் அடிச்சிட்டுது. கால்சட்டைப் பையில பெர்மிட் இருந்தது, நனைஞ்சிட்டுது. மேரி அறிஞ்சா ஏசுவா எண்டு ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை. விடிய எழும்பி, அறை ஜன்னல்ல, கம்பிக்கு உள்ளால, காய வச்சிட்டுப் போனனான். மேல சோப்புப் பெட்டியைப் பாரமா வச்சன்."

"வேற ஏதாவது போயிருக்கா?"

"இல்லை. கேமரா மேசையில அப்பிடியே கிடக்கு. மேரியின்ர சங்கிலியும் கிடக்கு."

"சர்வதேசக் கும்பல் சார்!" என்றான் சுதாகர். "போலி பெர்மிட் அடிக்க மாதிரிக்கு ஒண்ணு வேணும். அதான் சங்கிலியை விட்டுட்டானுங்க."

"இருக்கலாம்" என்றார் செங்கல்வராயன். அவர் 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று பொருள். "பூதக்கண்ணாடியை எடுத்துக்கோ."

ஆபிரகாம் தங்கியிருந்த சாகர தரிசனம் லாட்ஜில் எட்டு அறைகளும் ஒரு முதலாளியும் உண்டு. இடத்தை அதிகம் அடைத்துக்கொண்டிருந்தவர் முதலாளி சுப்புராமன். அவர் ஏதோ ஓர் அரசுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகிறது. பச்சை மையில் கையெழுத்துப் போடும் உரிமை பதவியோடு போய்விட்டது என்பதை அவருக்குச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. வரவேற்பறைச் சுவரில் வாடகைப் பட்டியல், பேருந்து நேரம், 'கடலில் குளிக்காதீர்', 'சுவரில் சாயாதீர்', 1961-ஆம் வருடத்துப் பணி நியமன ஆணை, மாமனாரின் படம், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்தன. மின்விசிறி சுற்றினால் ஒன்றுகூட அசையாது.

"வாங்க" என்றார் சுப்புராமன், எழுந்திருக்காமல். "விஷயம் முடிந்துவிட்டது. குற்றவாளியை நானே அடையாளம் கண்டுவிட்டேன். போலீசுக்கும் தகவல் கொடுத்தாயிற்று."

குற்றவாளி மூலையில் துடைப்பத்தோடு நின்றாள். வேண்டா, அறைகளைப் பெருக்கும் பெண். நாற்பது வயதிருக்கும். அழவில்லை, கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது.

"நான் இன்னாத்துக்குய்யா அத்த எடுக்கப் போறேன்? அது நாஸ்தாவுக்கு ஆவுமா? பத்து மணிக்கு ரூமாண்ட போனேன். ஜன்னல்ல ஒண்ணுமே இல்ல. சோப்பு டப்பா மட்டும் கெடந்துச்சு. பாத்ரூம்ல வெச்சேன். அவ்ளோதான்."

"கேட்டீர்களா! ஜன்னல் பக்கம் போனதை அவளே ஒப்புக்கொள்கிறாள்" என்றார் சுப்புராமன்.

"பெருக்க வந்தவ ஜன்னலாண்ட போவாம, மாடி மேலயா போவா?"

செங்கல்வராயன் இருவரையும் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார். "சார், நீங்க இன்னிக்கு அந்த அறைக்குப் போனீங்களா?"

"நானா? விருந்தினர் அறைக்குள் நான் காலெடுத்து வைப்பதே கிடையாது. அது ஒரு கொள்கை."

"ரொம்ப நல்ல கொள்கை. போலீஸ் வருதுன்னா, வாய்ச்சொல் போதாதே. உங்களை மாதிரி நிர்வாகம் தெரிஞ்சவங்க ஒரு புகார் எழுதிக் கொடுத்தா பலமா இருக்கும்."

சுப்புராமனின் முகம் மலர்ந்தது. ஒன்பது வருடத்தில் யாரும் அவரை எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. மேசையை இழுத்துப் போட்டார், பேனாவைத் திறந்தார், எழுத ஆரம்பித்தார்.

இதற்குள் சுதாகர் தவழ்ந்து தவழ்ந்து குப்பைக்கூடை வரை போயிருந்தான். "சார், ஆயுதம்!" கையில், ஒரு சாண் நீளத்துக்கு, விறைப்பான கண்ணாடி நாடா ஒன்று. "தூண்டில் நரம்பு. ஜன்னல் வழியா இதை விட்டுத்தான் இழுத்திருக்கான்."

செங்கல்வராயன் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நாடாவின் ஒரு விளிம்பில், நூல் தடிமனுக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. "ஆபிரகாம், உங்க பெர்மிட்டுக்கு அட்டை என்ன நிறம்?"

"சாம்பல்."

அவர் நாடாவைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். "சுதாகர், நீ இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கே. எதுக்குன்னு உனக்குத் தெரியாது, பரவாயில்லை."

நான்கரை மணிக்கு உதவி ஆய்வாளர் பூவராகவன் வந்தார். ஆபிரகாமைக் கண்டதும் அவருக்குக் காலை நினைவு திரும்பிவிட்டது.

"இன்னாய்யா சாரதி, பெர்மிட்டு கெடைச்சுதா? காலையில டிரைவிங் லைசன்ஸ சாரதி அனுமதிப்பத்திரம்னு சொல்லி என்னையே கொழப்பிட்ட. எந்தக் கோயில் சாரதின்னு பாத்துக்கினு இருந்தேன். உன் வூட்டம்மா வேற கார விட்டு எறங்க மாட்டேன்னு ஒரே பேஜாரு." பிறகு வேண்டாவின் பக்கம் திரும்பினார். "நீதானா அது? வா ஸ்டேஷனுக்கு."

வேண்டாவின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. அதுவரை விடைத்திருந்த மூக்கு நடுங்கத் தொடங்கியது.

"பத்து நிமிஷம் கொடுங்க சார்" என்றார் செங்கல்வராயன். "ஐயா எழுதின புகாரை ஒருமுறை படிச்சுடலாம்."

அவர் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: "'மேற்படி விருந்தினருக்குச் சொந்தமானதும், உப்பு நீரால் நனைந்து இடது ஓரம் சுருண்டதும், சாம்பல் நிற அட்டை கொண்டதுமான பன்னாட்டு அனுமதிப் புத்தகமானது, மேற்படி வேண்டா என்பவரால் களவாடப்பட்டுள்ளது...' அற்புதமான நடை. சார், புத்தகம் நனைஞ்சதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அவர்தான்" என்று ஆபிரகாமைக் கை காட்டினார் சுப்புராமன்.

"நான் சொல்லேல்லையே! மேரிக்கே சொல்லேல்லை. ஜன்னல்ல வச்ச பெர்மிட்டைக் காணேல்லை எண்டு மட்டும்தான் உங்களிட்டச் சொன்னனான்."

"அப்ப அவள் சொல்லியிருப்பாள்."

"பத்து மணிக்கு ஜன்னல்ல ஒண்ணுமில்லன்னு சொல்றேன்!" என்று வேண்டா சீறினாள். "இல்லாத புக்கு நனைஞ்சுதா காஞ்சுதான்னு எனக்கு இன்னாய்யா தெரியும்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் எதுவும் அசையவில்லை.

செங்கல்வராயன் நாடாவை மேசை மேல் வைத்தார். "இது உங்க குப்பைக்கூடையில இருந்தது. லேமினேஷன் போட்ட பிறகு ஓரத்தை வெட்டினா விழுற துண்டு. கொஞ்சம் ஒட்ட வெட்டிட்டீங்க, அட்டையும் ஒரு நூல் அளவு வந்துடுச்சு. சங்கிலியை விட்டுட்டு ஈரப் புத்தகத்தை எடுக்கிறவன் திருடனா இருக்க முடியாது. காகிதம் பாழாகிறதைப் பார்த்தா மனசு பொறுக்காத ஒருத்தர். நம்ம ஊர்ல அப்படி மனசு பொறுக்காதவங்க அடுத்து என்ன செய்வாங்க? ரேஷன் கார்டுக்கு, மார்க் ஷீட்டுக்கு, மாமனார் படத்துக்கு என்ன செய்வாங்களோ, அதைத்தான். சுதாகர், இந்த ஊர்ல லேமினேஷன் மிஷின் எத்தனை?"

"ஒண்ணுதான் சார். நம்ம கடை..." சுதாகரின் வாய் அப்படியே திறந்து நின்றது.

"காலையில யார் ஓட்டுறது?"

சுதாகர் மேசைத் தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தான். மறுமுனையில் தமிழரசியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சாம்பல் கலர் புக்கா? லாட்ஜ் சாருதான் ஏழரைக்குக் கொண்டாந்தாரு. இத்த தொறந்து பாக்கணுமே சார்னு சொன்னேன். 'அரசு ஆவணத்தை எப்படிப் பாதுகாக்கணும்னு எனக்குத் தெரியும், போடும்மா'ன்னாரு. போட்டேன். நீ எங்கய்யா போயிட்ட, கடைய யாரு பாக்குறது?"

சுதாகர் தொலைபேசியை மெதுவாக வைத்தான். மூன்று மணி நேரமாகத் தேடிய துப்பு, அவன் மனைவியிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

சுப்புராமன் பச்சைப் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து வைத்தார். நான்கு பக்கமும் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டகத்துக்குள் பெர்மிட் மூடிக்கிடந்தது, எகிப்திய மன்னர் சவம்போல.

"காலை நடையின்போது வெளியிலிருந்து பார்த்தேன்" என்றார். முதல்முறையாக அவர் குரலில் கொள்கை எதுவும் இல்லை. "ஒரு நாட்டின் முத்திரை போட்ட ஆவணம், சோப்புப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. கம்பிக்குள் கையை விட்டு எடுத்தேன். நல்லதுதான் நினைத்தேன். திரும்பி வந்து ஓரத்தை வெட்டும்போதுதான் தெரிந்தது, பக்கத்தைத் திருப்ப முடியாது என்று. முப்பத்திரண்டு வருடம் சர்வீஸ். ஒரு ரிமார்க் கிடையாது. எப்படிச் சொல்வேன்?"

"அதுக்கு என்னைத் திருடின்னு சொல்லலாமா?" என்றாள் வேண்டா.

சுப்புராமன் இழுப்பறையை மெதுவாக மூடினார்.

ஆபிரகாம் அந்தப் பிளாஸ்டிக் பெட்டகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "படம் கடைசிப் பக்கத்தில. பேர் உள்ள. இனித் திறக்கேலாதே!"

"பிளேடு இருக்கா?" என்றார் செங்கல்வராயன். "மிஷின் சூடு பிடிக்கிறது வெளி அட்டையை மட்டும்தான். உள்பக்கம் ஒட்டாது." அவர் மூன்று ஓரத்தையும் மயிரிழையாகக் கீறினார். முதுகுப் பக்கத்தைத் தொடவில்லை. அட்டையை மெல்லத் திருப்பினார். உள்ளே பக்கங்கள் லேசாகச் சுருங்கியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. கடைசிப் பக்கத்தில் ஆபிரகாமின் படம் மீசையோடு முறைத்தது.

ஆபிரகாம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மாதாவே" என்றார்.

பூவராகவன் புத்தகத்தை வாங்கினார். இலங்கை லைசன்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பளபளத்த அட்டையைப் பார்த்ததும்தான் அவர் முகத்தில் முழுத் திருப்தி வந்தது.

"லேமினேஷன்லாம் பண்ணிக்கீது" என்றார். "அப்ப ஒரிஜினல்தான். போய் வண்டிய எடுத்துக்கினு கெளம்பு, சாரதி. கல்யாணத்த நல்லா நடத்து. உன் வூட்டம்மாவ மொதல்ல எறக்கி ஒரு காபி வாங்கிக் குடு."

ஆபிரகாம் எல்லாருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். வேண்டாவின் முன் நின்று, "என்னாலதான் அக்கா உங்களுக்கு இந்தப் பழி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். தப்பு செய்யாதவர் கேட்ட அந்த மன்னிப்பு சுப்புராமனின் பக்கம் போய் விழுந்தது. அவர் நெளிந்தார்.

வாயால் மன்னிப்புக் கேட்பது அவருடைய சர்வீசில் இல்லாத வழக்கம். ஆகவே, தலைப்பிட்ட தாளை எடுத்து, தேதி போட்டு, 'வேண்டா என்பவர் நேர்மையும் நன்னடத்தையும் உடையவர் என்றும், அவர் மீது சொல்லப்பட்டது முற்றிலும் எனது தவறு என்றும் இதன் மூலம் சான்றளிக்கிறேன்' என்று எழுதி, பச்சை மையில் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினார்.

வேண்டா அதை வாங்கினாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் மையின் நிறம் அவளுக்குத் தெரியும். நான்காக மடிக்கப் போனவள், நிறுத்திக்கொண்டு, சுதாகரிடம் கொடுத்தாள்.

"அண்ணாத்த, இத்தக் கொண்டும் போயி நல்லா லேமினேஷன் போட்டுக் குடு. இத்தத் தொறக்க வேணாம்."