எட்டாவது ஜோடி ஷூ

காலை ஒன்பது மணிக்கு ஒரு மனிதனை சாக்ஸபோன் ஊதச் சொல்கிறவனுக்கு இரக்கமே கிடையாது. விடிய விடிய நடன அரங்கில் வாசித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்து வந்திருந்தான் ஆர்வில் டில்மன். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குக் கொட்டாவி வரவில்லை. சிகாகோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவனுடைய தனி வாசிப்பு முதல்முறையாக இசைத்தட்டில் ஏறப்போவது இன்றைக்குத்தான். மொத்தமே அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தைத்தான் சொந்த ஊரான மஸ்கோகியில் இருக்கும் அவன் மனைவி வெர்டெல் கேட்டிருந்தாள்.

'உன் சத்தம் ஒரு தட்டுல வரட்டும், நானே பெட்டியைக் கட்டிட்டு வர்றேன். வரலேன்னா ஊதினது போதும், நீ கிளம்பி வா' என்று போன மாதம் எழுதியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒலிப்பதிவுக் கூடம் நான்காவது மாடியில் இருந்தது. வெளியே ஜூலை வெயில் கொளுத்தியது. உள்ளே ஜன்னல் எல்லாம் மூடிக் கிடந்தது. விசிறி போட்டால் சத்தம் வரும். காற்று பட்டால், பாட்டைப் பதிகிற மெழுகுத் தட்டு இறுகிவிடும். பாதம் தரையில் தட்டினால் மெழுகைக் கீறும் ஊசி துள்ளும் என்று எல்லோரும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட வேண்டும். ஆர்வில் தன் புதுப் பழுப்பு ஷூவைக் கழற்றி வரிசையில் வைத்தான்.

வாசிக்கிறவர்கள் ஏழு பேர். வரிசையில் எட்டு ஜோடி இருந்தது.

எட்டாவது ஜோடி கறுப்பு. தோல் வெடித்திருந்தது. வலது குதி மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

"இது யாருதுடா?" என்றான் ஆர்வில்.

டிரம்ஸ் வாசிக்கும் ஜூனியஸ் குனிந்து பார்த்தான். பிறகு பார்க்காதவன் போல நிமிர்ந்தான்.

"கூட்டிப் பெருக்குறவனோடதா இருக்கும். உள்ள வா, தலைவர் கத்தப் போறாரு."

குழுத் தலைவர் பிரூயிட் ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருந்தார். பதிவு செய்யும் லிண்ட்குவிஸ்ட் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "முதல் தட்டு பழைய மெழுகு. முன்னாடி பதிஞ்சதை மேலே சீவி எடுத்தது. அதை ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பாக்கலாம், கேட்டதும் அது பாழாயிடும். அப்புறம் நம்மகிட்ட இருக்கிறது ஒரே ஒரு புதுத் தட்டு. அதுல தப்பு பண்ணாதீங்கப்பா."

வாசித்தார்கள். லிண்ட்குவிஸ்ட் அதை ஓடவிட்டார். ஆர்வில் தன் அரை நிமிடத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

வந்தது அவன் வாசிப்பு இல்லை. மெலிந்த, இழுத்துப் பிடிக்கிற ஒரு ஊதல். அதற்கு அடியில் தட், தட் என்று ஒரு கால்.

பிரூயிட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏமஸ்," என்றான் ஜூனியஸ் மெதுவாக.

ஏமஸ் கெச்சம், ஆர்விலுக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். மூன்று தடவை பதிவுக்கு வந்திருக்கிறான். காலடியில் தலையணை போட்டும் அந்த வலது காலை அடக்க முடியவில்லை. ஜனவரியில் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, அது தலைக்கு ஏறிச் செத்துப்போனான்.

"அவன் வாசிச்ச தட்டு ஒண்ணைக்கூட நான் கேட்டதில்லையேடா," என்றான் ஆர்வில்.

"யாருமே கேட்டதில்ல. எல்லாத்தையும் சீவித் தள்ளிட்டாங்க. சாகுற அன்னிக்கும் 'என் தட்டு வந்துச்சா'ன்னுதான் கேட்டுக்கிட்டிருந்தான்."

"அடியிலே ஏதோ மிச்சம் ஒட்டிக்கிட்டிருந்திருக்கும்," என்றார் லிண்ட்குவிஸ்ட். அதை அவரே நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. "புதுத் தட்டைப் போடறேன்."

கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. இனி மூன்று நிமிடம் யாரும் இருமக்கூட முடியாது.

ஆர்வில் ஊதத் தொடங்கியதும் கிராம்புத் தைல வாசனை வந்தது. பல்வலிக்காரர்கள் வைத்துக்கொள்வார்களே, அந்த நெடி.

பிறகு பிடரியில் மூச்சு பட்டது.

அந்தப் புழுக்கத்திலும் அது சில்லென்று இருந்தது.

தரை அதிர்ந்தது. தட். தட்.

நிறுத்தினால் தட்டு போய்விடும். தட்டு போனால் வெர்டெலும் வரமாட்டாள். திரும்பிப் பார்க்க ஆயிரம் தடவை மனம் அடித்துக்கொண்டது. கழுத்தைத் திருப்பினால் ஊதல் பிசகும்.

காதோரம் ஒரு குரல், கெஞ்சுகிற மாதிரி.

"கொஞ்சம் தள்ளி உக்காரு தம்பி."

ஆர்வில் தள்ளவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தன் அரை நிமிடத்தை ஊதித் தீர்த்தான். அப்படி அவன் அதற்கு முன்னால் வாசித்ததே இல்லை.

விளக்கு அணைந்தது. பின்னால் யாரும் இல்லை.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்கள். ஆர்வில் சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூட நேரமாகிவிட்டது. வெளியே வந்தபோது வாசலில் ஒரே ஒரு ஜோடி இருந்தது.

கறுப்பு.

எவனோ அவசரத்தில் தன் புது ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். வெறுங்காலோடு அந்த வெயிலில் நடக்க முடியுமா? மாட்டிக்கொண்டான். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

ஐந்து வாரத்தில் தட்டு வந்தது. அதில் இருந்தது சுத்தமாக அவன் வாசிப்பு. ஆர்வில் வாய்விட்டு அழுதான். இரண்டு தட்டு வாங்கி ஒன்றை மஸ்கோகிக்கு அனுப்பினான்.

ஆனால் அந்த வாசிப்பு அதற்குள் மட்டும்தான் இருந்தது. அரங்கில் அவன் ஊதினால் மெலிந்து, இழுத்து வருகிறது. வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஜூனியஸ் அவன் பக்கம் திரும்புவதே இல்லை. கடைவாய்ப் பல் வேறு விண்விண்ணென்று தெறித்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் வெர்டெலின் கடிதம் வந்தது.

'தட்டைப் போட்டேன். தெருவே வந்து கேட்டது. நீதான், சந்தேகமே இல்ல. ஒண்ணுதான் புரியல. பாட்டு முடிஞ்சு ஊசி சும்மா சுத்துறப்போ உள்ளேர்ந்து யாரோ கதவைத் தட்டுறாங்க. காதை வெச்சுக் கேட்டேன். உன் குரல். வெர்டெல், கதவைத் திறக்கச் சொல்லு, வராதே, வராதேங்குற. இது என்ன விளையாட்டு? வரட்டுமா, வேண்டாமா? எழுது. சனிக்கிழமை ரயிலுக்குப் பெட்டி கட்டி வெச்சுட்டேன்.'

வராதே என்று எழுதத்தான் ஆர்வில் பேனாவை எடுத்தான்.

கை வேறு ஏதோ எழுதியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், நிறுத்த முடியவில்லை.

'கட்டாயம் வா. ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறேன்.'

அது அவன் கையெழுத்து இல்லை, இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அறை முழுக்கக் கிராம்பு வாசனை. மேசைக்கு அடியில் அந்தக் கறுப்பு ஷூ நிதானமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.