கருப்பிக்கு மேல்பல் இல்லை

விடிந்தும் விடியாமல் வாசலில் சத்தம். நேசம்மாள் எட்டிப் பார்த்தாள். பெருமாள்சாமி அண்ணாச்சி கயிற்றைப் பிடித்து நின்றார். கயிற்றின் மறுமுனையில் அவளுடைய வெள்ளாடு கருப்பி!

"ஏட்டி நேசம்! உன் ஆடு கட்டை அத்துட்டு வந்து என் பருத்தியை மேஞ்சிட்டு. இதைப் பவுண்டுல அடைச்சிட்டுத்தான் எனக்கு மறுவேலை!"

பவுண்டு என்றால் பயிரை மேய்ந்த ஆடுமாடுகளை அடைக்கிற பட்டி. அங்கே ஒழுங்காகத் தழையும் கிடைக்காது, தண்ணீரும் கிடைக்காது. கருப்பியோ நிறைசினை.

தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மா மிக்கேலம்மாள் பசைக்கையோடு ஓடிவந்தாள். "அண்ணாச்சி, வாயில்லா ஜீவன்..."

"வாய் இல்லாமத்தான் இலை பூராவும் ஓட்டை போட்டுருக்கோ?"

நேசம்மாள் நிமிர்ந்தாள். "ஓட்டையா? அண்ணாச்சி, நான் ஒரு தடவை பாத்துக்கிடுதேன். அப்புறம் கொண்டு போங்க."

கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ள, ஆடு உட்பட எல்லோரும் பருத்திக் காட்டுக்குப் போனார்கள். நேசம்மாள் செடிக்குச் செடி குனிந்து பார்த்தாள். இலைகளின் நடுவில் ஓட்டை. ஓரத்தில் வளைவு வளைவாக வெட்டு. ஆனால் காம்புகள் அப்படியே இருந்தன.

அவள் முகம் மலர்ந்தது. கருப்பியின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். கீழே வரிசையாக முன்பற்கள். மேலே வெறும் ஈறு.

"மேல முன்பல் இல்ல, பாத்தீங்களா?"

"இது தெரியாதாக்கும்? பல்லைப் பாத்துத்தான சந்தையில ஆடு பிடிக்கோம்!"

"அப்போ மேல்பல் இல்லாத வாயி, இலை நடுவுல இப்படி ஓட்டை போடுமா? கருப்பி கவ்வி இழுத்தா காம்போட போயிரும்."

அண்ணாச்சி குனிந்து ஒரு காம்பை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"ஷ்ஷ்! அசையாதீங்க," என்றாள் நேசம்மாள்.

ஓர் இலையின் ஓரத்தில் பச்சை வெட்டுக்கிளி ஒன்று உட்கார்ந்திருந்தது. இலையும் பச்சை, அதுவும் பச்சை. முன்காலால் இலையைப் பிடித்துக்கொண்டு, தலையை மேலிருந்து கீழே ஆட்டி ஆட்டித் தின்றது. வாயோரம் குட்டி விரல்கள் மாதிரி ஏதோ இலையைத் தடவிப் பார்த்தன.

"நம்ம தாடை மேலயும் கீழயும் அசையும். இதுக்குப் பாருங்க, ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து வெட்டுது. கத்தரிக்கோல் மாதிரி!"

அண்ணாச்சி பக்கத்து இலையைத் திருப்பினார். அங்கேயும் ஒன்று. அடுத்த செடியில் இன்னும் இரண்டு.

"அடப்பாவிகளா! நான் ஆட்டை இழுத்துக்கிட்டு அலையுதேன், இவனுங்க இங்கன பந்தி போட்டுச் சாப்பிடுதானுங்க!"

மிக்கேலம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பசைக்கை என்பதையும் மறந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எம்புள்ள!" என்றாள்.

அண்ணாச்சி கயிற்றை நேசம்மாளின் கையில் கொடுத்தார். "ஏட்டி, என் உளுந்தையும் ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுதியா?"

"வாரேன் அண்ணாச்சி!" நேசம்மாளுக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. அவள் நிமிர்ந்த நேரம் பார்த்துக் கயிறு தளர்ந்தது.

வெடுக்! கருப்பி பருத்தி இலை ஒன்றைக் கவ்வி இழுத்தது.

அண்ணாச்சி ஓடிப்போய்ச் செடியைக் குனிந்து பார்த்தார். ஊருக்கே கேட்கும்படி பெருமையாகச் சொன்னார்:

"இலையும் இல்ல, காம்பும் இல்ல. இது ஆடு கடிச்சதுதான்!"